நான் மட்டும்தான் ஆயத்தம்

அந்தக் கதிரையில் இருக்காதீங்கோ அக்கா, ஒரு கால் ஆடும். போன மாதம் ஒரு வெள்ளைக்கார மனுசன் அதிலிருந்து விழுந்தார். இரண்டு பேர் ஓடிவந்து மூன்று பக்கத்துக்குப் படிவம் நிரப்பினார்கள். கதிரையை மாற்ற ஒருத்தரும் வரவில்லை. இங்காலை வாங்கோ. இந்தப் பக்கம் சூட்டுக்காற்றும் வரும்.

உள்ளே போனது உங்கட அம்மாவோ? முதல் கிழமை போலிருக்கு. முதல் கிழமைக்காரரைப் பார்த்தாலே தெரியும், கதவைப் பார்த்தபடியே இருப்பினம். நாலு மணித்தியாலத்துக்கு அது திறக்காது. இரத்தத்தை வெளியில் எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே விடவேண்டும். மெசின் ஒருத்தருக்காகவும் அவசரப்படாது. என்ர அப்பா ஏழாம் நம்பர்க் கட்டில். இரண்டு வருஷம். செவ்வாய், வியாழன், சனி. நாளைக்கு வியாழன் பனிப்புயலாம் என்று இன்றைக்கே கொண்டுவந்துவிட்டேன். உங்களையும் அதுக்குத்தான் இன்றைக்கு மாற்றியிருப்பினம்.

உந்தப் பையில் என்ன, தோடம்பழமோ? ஆர் தந்தது? ஆராயிருந்தாலும் பரவாயில்லை, குப்பைத்தொட்டி அந்த மூலையில் இருக்கு. நான் பகிடி விடவில்லை அக்கா. கிட்னி வேலை செய்யாத ஆளுக்குத் தோடம்பழம் நஞ்சு. வாழைப்பழமும் அப்படி, தக்காளியும் அப்படி, இளநீர் எல்லாவற்றையும் விட மோசம். பொட்டாசியம் ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். நேர்ஸ் ஒரு பச்சைத் தாள் தந்திருப்பாவே, வாசிக்கவில்லையோ? எங்கட சனத்தில் ஒருத்தரும் வாசிக்கிறதில்லை. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று மட்டும் தெரியும். கால் முறிந்தாலும் தோடம்பழம், காய்ச்சலுக்கும் தோடம்பழம், கிட்னி போனாலும் தோடம்பழம்.

பள்ளிக்கூடமோ? விட்டாச்சு. பன்னிரண்டாம் வகுப்பில், பாதியில். இப்ப எனக்குப் பதினெட்டு. பெட்டை அப்பாவுக்காக விட்டது என்று சனம் கதைக்கும், நம்பாதீங்கோ. கணக்கில் முப்பத்தொன்று எடுத்தேன். வகுப்பே எனக்குப் பிடிக்காது. ஆலோசனை சொல்லுறதுக்கென்று அங்கே ஒரு மனுசி இருக்கிறா, என்னைக் கூப்பிட்டு, எதிர்காலத்தைப் பற்றி யோசி என்றா. செவ்வாயும் வியாழனும் எனக்கு யோசிக்க நேரமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவுதான் கதை. அம்மா முதியோர் இல்லத்தில் வேலை. அவ விட்டால் வீடு நடக்காது. நான் விட்டால் ஒன்றும் குறையாது, அதனால் விட்டேன். அதுக்கும் அப்பாவுக்கும் சம்பந்தமில்லை.

நாளைய புயலுக்கு என்ன செய்து வைத்திருக்கிறீங்கள்? இரண்டு பாண், ஒரு பால் பெட்டி? நினைத்தேன். போன வருஷத்துப் புயலில் நடந்ததைச் சொல்லுறன், கேளுங்கோ. நாலு மணித்தியாலம் இருக்குத்தானே.

முதலில் எங்கட ஊர் ஒன்றியத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊர்ப்பெயரைச் சொல்லமாட்டேன், நீங்களும் அந்த ஊராயிருந்தால் பிறகு கரைச்சல். இந்த ஸ்காபரோவில் ஒரு மனுசன் ஒரு தெருவில் வீடு வாங்கினால், அவருடைய ஊர்க்காரர் பத்துப் பேர் அதைச் சுற்றியே வாங்குவினம். உலகத்தில் இரண்டாவது பெரிய நாடு, இடமா இல்லை? எங்கட வளைவுத் தெருவைச் சுற்றி மட்டும் பதினாலு வீடு எங்கட ஊர். விட்டிட்டு ஓடிவந்த ஊரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இங்கே இறக்கி வைத்திருக்கினம். அந்தச் சனத்துக்கு ஒரு ஒன்றியம், அதுக்கு ஒரு தலைவர். நாயகம் மாமா. எனக்குச் சொந்த மாமா இல்லை. அந்த ஊரில் மீசை வைத்த எல்லாரும் மாமாதான். முப்பது வருஷம் கார்ச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் நின்றுவிட்டு இப்ப பென்சன். சமையலறையில் தேத்தண்ணி கேட்டாலும் மைக்குக்கு முன்னால் நிற்கிற மாதிரித்தான் கேட்பார்.

போன வருஷம் மாசி மாதம் ஐம்பது சென்ரிமீற்றர் ஸ்நோ கொட்டும் என்று அறிவித்தவுடன் ஒன்றியம் என்ன செய்தது தெரியுமோ? கூட்டம் போட்டது. பனிப்புயல் முன்னேற்பாட்டுக் குழு. ஒரு தலைவர், ஒரு உபதலைவர், இரண்டு உபசெயலாளர். வானத்திலிருந்து விழுகிற ஸ்நோவுக்கு உபசெயலாளர் என்ன செய்வார்?

பிறகு அப்பாவின் போனுக்கு ஒன்றியக் குழுவிலிருந்து செய்தி வரத் தொடங்கியது. ஒரு காலையில் நூற்று நாற்பத்தாறு. யன்னல் கண்ணாடிகளில் குறுக்காகப் பசைநாடா ஒட்டவும். எல்லாப் பாத்திரத்திலும் தண்ணீர் நிரப்பவும். அடையாள அட்டை, பாஸ்போர்ட், காணி உறுதி, நகை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வாசலுக்குக் கிட்ட வைக்கவும். ஸ்நோ வந்து காணி உறுதியைக் கேட்குமோ அக்கா? பங்கர் வெட்டச் சொல்லாதது பெரிய விஷயம். இவைக்கு எது வந்தாலும் ஒரே ஆயத்தம்தான், வானத்தால் எது வந்தாலும். நாயகம் மாமா ஒன்பது நிமிஷத்துக்குக் குரல் பதிவு போட்டிருந்தார். அதில் முதல் நாலு நிமிஷம் வணக்கம். அப்பா அதைக் காதில் வைத்துக்கொண்டு, ஏதோ கடவுள் கதைக்கிற மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் போனை வாங்கி, அந்தக் குழுவிலிருந்து அப்பாவை வெளியேற்றிவிட்டேன். பொத்தானை அமத்த எவ்வளவு சுகமாயிருந்தது தெரியுமோ.

அன்றைக்குப் புதன்கிழமை. மத்தியானம் மாமா நேரிலேயே வந்துவிட்டார், தன்ர குழுவிலிருந்து ஏன் விலகினது என்று கேட்க. கையில் இரண்டு பை. நான் கதவுச் சங்கிலியை எடுக்காமலே பைக்குள் என்ன என்று கேட்டேன். தோடம்பழம், ஒரு சீப்பு வாழைப்பழம், செவ்விளநீர் ரின், பாலில் கரைத்துக் குடிக்கிற மோல்ட் மா ஒரு பெரிய ரின். அக்கா, பச்சைத் தாளைப் பார்த்துத் தேடி வாங்கியிருந்தாலும் இவ்வளவு சரியாய்ப் பிழை வராது. இதைக் குடுத்தால் அப்பா புயலுக்கு முதலே போய்விடுவார், ஒன்றியம் மலர்வளையத்தோடு வரலாம் என்று சொன்னேன். அப்படியே சொன்னேன். அவர் பை இரண்டையும் கீழே இறக்கினார். பிறகு, அப்பாவுக்கு எந்தெந்த நாள் ஆஸ்பத்திரி என்று சொன்னால் குழுவில் எழுதி வைக்கலாம் என்றார். என்ர அப்பா உங்கட கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் இல்லை என்று கதவைச் சாத்தினேன். பையை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். பழத்தை அணில் தின்றது.

இதுக்கிடையில் என்ர போன் வேறு. இலக்கம் தெரியாத அழைப்பு. நான் அந்த மாதிரி அழைப்பை எடுக்கிறதில்லை. ஆர் எடுப்பான்? ஒன்றில் வருமான வரி என்று சொல்லி ஏமாற்றுறவன், இல்லாட்டி வீட்டுக் காற்றுக் குழாய் துப்புரவாக்குறவன். மாமாவோடு கதவில் நிற்கையில் ஒருக்கால் அடித்தது, கட் பண்ணினேன். பெற்றோல் அடிக்க வரிசையில் நிற்கையில் அடித்தது, கட் பண்ணினேன். கடையில் ஸ்நோ அள்ளுகிற கடைசிச் சவலுக்கு ஒரு சீன மனுசியோடு இழுபறிப்படுகையில் திரும்பவும் அடித்தது. புயல் நாளிலும் இவங்களுக்கு வெட்கமில்லை.

நான் என்ன ஆயத்தம் செய்தேன் என்று கேளுங்கோ. காருக்கு முழு ராங்க் பெற்றோல். ரோர்ச் இரண்டு, பற்றரி பன்னிரண்டு. அப்பாவின் மருந்துக் குளிசை பத்து நாளுக்குப் பெட்டி பெட்டியாகப் பிரித்து. உப்பில்லாத பிஸ்கற். உருளைக்கிழங்கு தோல் சீவி, வெட்டி, பொட்டாசியம் போக ஊறவிட்டுத் தண்ணி மாற்றி, திரும்ப ஊறவிட்டு. அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு லீற்றர் தண்ணிதான். அதை நாலு சின்னப் போத்தலில் அளந்து கோடு கீறி வைத்தேன். ஸ்நோ உருக வாசலுக்குப் போட கல்லுப்பு. சவல். அம்மாவை முதியோர் இல்லத்தில் மறித்து வைத்துவிட்டார்கள், புயல் முடியும்வரை வேலைக்காரரை வெளியில் விடமாட்டினமாம். பரவாயில்லை என்றேன். ஒருத்தரும் தேவையில்லை. அந்தத் தெருவிலேயே நான் மட்டும்தான் ஆயத்தம்.

பின்னேரம் பக்கத்து வீட்டுச் சரோ அன்ரி வந்தார், கையில் ஒரு சட்டி கூழ். ஒடியல் மா, மீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, எல்லாம் போட்ட கூழ். குளிருக்கு நல்லதாம். நான் அதையும் திருப்பி அனுப்பினேன். அனுப்பினேன் என்றுதான் நினைத்தேன். நான் கராஜுக்குள் கல்லுப்பு மூட்டையை இழுத்துக்கொண்டிருந்த நேரம் அன்ரி பின்கதவால் வந்து அப்பாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்திருக்கிறார். அந்த மனுசன் குடித்துமிருக்கிறார். கிண்ணத்தைக் கதிரைக்குக் கீழே ஒளித்தும் வைத்திருக்கிறார். அறுபத்திரண்டு வயது. இதை மறக்காதீங்கோ, பிறகு நடந்த எல்லாத்துக்கும் அந்தக் கூழ்தான் காரணம்.

வியாழன் விடிய யன்னலைத் திறந்து பார்த்தால் காரைக் காணவில்லை. கார் நின்ற இடத்தில் ஒரு வெள்ளை மேடு. தெரு எது, புல் எது என்று தெரியவில்லை. டயலிசிஸுக்கு ஒன்பது மணிக்கு நிற்கவேண்டும். இங்கே போன் எடுத்தேன். நேர்ஸ் சொன்ன முதல் வசனம் என்ன தெரியுமோ? நேற்று உங்களுக்கு ஐந்து தரம் எடுத்தோம் என்றா. வியாழன் ஆட்களை எல்லாம் புதனுக்கே வரச்சொல்லி எடுத்தார்களாம். மற்ற எல்லாரும் வந்து செய்துகொண்டு போயிட்டினமாம். ஏன் உங்கட இலக்கம் என்ர போனில் விழவில்லை என்று கேட்டேன். ஆஸ்பத்திரி இலக்கம் அப்படித்தான் விழும் என்றா. சரி, செய்தி விட்டிருக்கலாமே என்றேன். விட்டோம், மூன்று, என்றா. இந்தக் காலத்தில் குரல் செய்தியை ஆர் அக்கா கேட்கிறது? எழுதி அனுப்பத் தெரியாதோ? இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, மனுசருக்கு ஒரு விஷயத்தைச் சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்கு அங்கேயும் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லையாம். வெள்ளி காலை முதல் ஆளாக எடுக்கிறோம், அதுவரைக்கும் அரை லீற்றருக்கு மேல் தண்ணி குடுக்காதே, மூச்சு வாங்கினால் உடனே அம்புலன்ஸைக் கூப்பிடு என்றார்கள். சரி என்றேன். போத்தல் கோட்டை அழித்துவிட்டுப் புதுக்கோடு கீறினேன். அப்பா வாய் காய்ந்துபோய் இருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குத்தான் கூட்டுகையில் கூழ்க் கிண்ணம் தட்டுப்பட்டது. நான் கத்தின கத்தலில் சரோ அன்ரி வீட்டு நாய் குலைத்தது.

மத்தியானம் ஸ்நோ தள்ளுகிற லொறி ஒன்று வந்தது. வந்து என்ன செய்தது? தெருவில் கிடந்ததை எல்லாம் தள்ளி எங்கட வாசலுக்குக் குறுக்கே மதில் மாதிரிக் குவித்துவிட்டுப் போனது. அதுக்குப் பிறகு திரும்பவும் கொட்டி, தெருவும் முழங்காலுக்கு மேலே மூடிவிட்டது. லொறி திரும்பி வரவில்லை. பெரிய தெருக்களைத்தான் முதலில் தள்ளுவார்களாம். எங்கட மாதிரி வளைவுத் தெருவில் இருக்கிறவன் மனுசன் இல்லை.

வெள்ளி விடிய அப்பா கட்டிலில் இல்லை. சோபாவில் நிமிர்ந்து இருந்தார், நாலு தலையணை முதுகுக்கு. படுக்க முடியவில்லையாம். கால் இரண்டும் வீங்கி, சப்பாத்துக்குள் போகாது. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளுக்குள் ஏதோ கொதிக்கிற மாதிரிச் சத்தம். தண்ணி வெளியேற வழியில்லாமல் நுரையீரலுக்குள் ஏறுகிறது, அதுதான் அந்தச் சத்தம். நான் அம்புலன்ஸுக்கு எடுத்துவிட்டு வெளியே ஓடினேன், அது வருகிறதுக்குள் வாசலை வெட்ட. அந்த மதில் இறுகிச் சீமெந்து மாதிரி. நாலாவது கொத்தில் என்ர புதுச் சவல் வெடித்தது. பிளாஸ்ரிக். பிறகு குப்பைத் தொட்டியின் மூடியைக் கழற்றி அதால் வழித்தேன். கை மரத்துப்போனது. நான் அழவில்லை. குளிரில் கண்ணால் தண்ணி வரும், உங்களுக்கும் வரும்.

அம்புலன்ஸ் வந்தது, வந்து பெரிய தெரு முனையில் நின்றது. உள்ளே வர முடியவில்லை. ஒரு வெள்ளைக்காரப் பெட்டையும் ஒரு பெடியனும் பையையும் ஒக்சிஜன் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு இடுப்பளவு ஸ்நோவுக்குள்ளால் நடந்து வந்தார்கள். ஒக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க அப்பாவின் விரலில் கிளிப்பைப் போட்டார்கள். எண்பத்திரண்டு. எண்பத்திரண்டு என்றால் கெட்டது அக்கா. மாஸ்க்கைப் போட்டுவிட்டு, சில்லு வைத்த படுக்கை இந்த ஸ்நோவில் வராது, தீயணைப்புக்காரரையும் ஒரு லொறியையும் கேட்டிருக்கிறோம், நாற்பது நிமிஷம் ஆகலாம் என்றார்கள். நாற்பது நிமிஷம் தாங்குவாரோ என்று கேட்டேன். அந்தப் பெட்டை அப்பாவின் மாஸ்க்கைச் சரிப்படுத்தினா.

அப்பதான் தெரு வளைவால் அவை வந்தார்கள். பதினொரு பேர். பார்க்கவேணும் அக்கா நீங்கள். ஒருத்தருக்குக் குரங்குத் தொப்பி, ஒருத்தருக்கு மனுசியின் ஊதாக் கோட்டு, ஒருத்தர் சவல் கிடைக்காமல் கோயில் அன்னதானத்துக்குச் சோறு அள்ளுகிற அகப்பையோடு வருகிறார். முன்னால் நாயகம் மாமா, கழுத்தில் துவாய். எனக்கு விளங்கிவிட்டது. நான் வெளியே கொத்திக்கொண்டிருக்கையில் அப்பா போன் எடுத்திருக்கிறார். பிறகு போனில் பார்த்தேன், முப்பத்தெட்டு வினாடி. மாஸ்க் போட முதல், மூச்சே இல்லாத மனுசன் முப்பத்தெட்டு வினாடி கதைத்திருக்கிறார். என்ன சொன்னார் என்று மாமாவிடம் ஒருநாள் கேட்டேன்.

"நாயகண்ணை, மூச்செடுக்க ஏலாமல் கிடக்கு. பிள்ளை தனியக் கொத்துது." இவ்வளவுதானாம்.

தனியக் கொத்தினால் என்ன? நான் கேட்டேனா? சரி விடுங்கோ.

மாமா வாசலில் நின்றார். கதவு திறந்துதான் கிடந்தது. அப்படியிருந்தும் உள்ளே கால் வைக்கவில்லை.

"பிள்ளை, உள்ளுக்கு வரலாமோ?"

நான் தள்ளி நின்றேன். வேறு என்ன செய்கிறது. அவர் அப்பாவை ஒருக்கால் பார்த்தார், தெருவை ஒருக்கால் பார்த்தார், அந்த வெள்ளைக்காரப் பெட்டை சொன்னதைக் கேட்டார். கேட்டுவிட்டு நாற்பது நிமிஷம் காத்திருக்கிற ஆள் மாதிரித் தெரியவில்லை. சரோ அன்ரி கராஜிலிருந்து அலுமினிய ஏணி வந்தது. எங்கட கை வைத்த பிளாஸ்ரிக் கதிரை வந்தது. அம்மாவின் சேலை இரண்டு கேட்டார், நான் அலுமாரியில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தேன். பிறகு பார்த்தால் ஒன்று அம்மாவின் கலியாணக் கூறைச்சேலை. ஏணியைப் படுக்கப் போட்டு, நடுவில் கதிரையை வைத்து, அந்தச் சேலையால் இழுத்துக் கட்டினார்கள். ஊரில் கோயில் சுவாமியைத் தூக்க வாகனம் கட்டுகிற கட்டாம் அது. எனக்கு என்ன தெரியும், நான் அந்த ஊருக்குப் போனதே இல்லை.

அப்பாவைக் கம்பளியால் சுற்றி ஏற்றினார்கள். அம்புலன்ஸ் பெட்டை, இது பாதுகாப்பில்லை, இதுக்கு நான் பொறுப்பில்லை என்று சொன்னா. மாமா ஆங்கிலத்தில், "மேடம், யூ ஹோல்ட் சிலிண்டர்" என்றார். அவ்வளவுதான். அவ சிலிண்டரைப் பிடித்தா.

ஒரு பக்கத்துக்கு மூன்று பேர், ஆறு பேர் தோளில் ஏணி. மற்றவர்கள் முன்னால் மிதித்துப் பாதை போட்டார்கள். பெரிய தெருவுக்கு முந்நூறு அடி இருக்கும். நான் பக்கத்தில் நடந்தேன். எவ்வளவு வெட்கம் தெரியுமோ. முன்வீட்டு வெள்ளைக்காரக் கிழவன் யன்னலால் போனில் படம் எடுக்கிறான். இதுக்குள் ஒருத்தர் பழக்கதோஷத்தில் "அரோகரா" என்றார். மற்ற எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். என்ர அப்பா மாஸ்க்கோடு, ஊதின காலோடு, ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் சுவாமி மாதிரிப் போகிறார். இவைக்கு ஒன்றை ஒன்றாய்ச் செய்யத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் திருவிழாதான்.

அரைவாசித் தூரத்தில் ஏணி பின்பக்கம் சரிந்தது. அப்பா மாஸ்க்கைத் தூக்கிவிட்டுக் கதைத்தார். அன்று காலை முழுக்க என்னோடு ஒரு சொல்லும் கதைக்காத மனுசன்.

"வலப்பக்கம் பதியுது. உயர்ந்த ஆளைப் பின்னுக்கு விடுங்கோ."

இளவயதில் பத்து வருஷம் சுவாமி தூக்கினவராம். மூச்சில்லாவிட்டாலும் பிழை பிடிக்காமல் விடமாட்டார். அவை உடனே நின்று, "தோள் மாத்து" என்று ஒரு சத்தம், ஒரே நேரத்தில் எல்லாரும் குனிந்து நிமிர்ந்து இடம் மாறினார்கள். கதிரை ஒரு அங்குலம் ஆடவில்லை. அது மட்டும் பரவாயில்லை. மாறி இரண்டாவது அடி வைக்கையில் ஊதாக் கோட்டுக்காரர் வழுக்கி முழங்காலில் விழுந்தார். ஏணி என்ர பக்கம் இறங்கியது. மற்றவர்கள் எல்லாரும் முன்னால் பாதை மிதித்துக்கொண்டு நிற்கிறார்கள், திரும்பி ஓடிவர நேரமில்லை. மாமா என்னைப் பார்த்தார். சுவாமியைப் பெண்கள் தூக்குகிற வழக்கம் அங்கே கிடையாது, எனக்கே தெரியும்.

"தோளைக் குடு, பிள்ளை."

குடுத்தேன். விழப்போகுது, என்ன செய்கிறது? அலுமினியம் குளிரில் கழுத்தைச் சுட்டது. மேலே அப்பா மூச்செடுக்கிற சத்தம் நேராக என்ர காதுக்குள் வந்தது. கொதிக்கிற சத்தம். அதை எண்ணிக்கொண்டு நடந்தேன். நூற்றிப் பதினொன்றாவது மூச்சுக்கு அம்புலன்ஸ் கதவு. கை தட்டினார்கள், தட்டவேண்டாம் என்று நான் ஏசினேன்.

இங்கே கொண்டுவந்து உடனே மெசினில் போட்டு மூன்றரை லீற்றர் எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் தொடங்கினார், பிறகு என்ர முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். நான் அவருக்குக் கூழைப் பற்றிச் சொன்னேன். கூழுக்கு இங்கிலிஷ் இல்லை. மீன், நண்டு, பனங்கிழங்கு மா என்று விளங்கப்படுத்த ஐந்து நிமிஷம் போனது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு கிண்ணம் சூப் பெரிய விஷயமில்லை, ஒரு முறை தவறினதுதான் விஷயம் என்றார். டொக்டர்மாருக்கு எங்கட சாப்பாட்டைப் பற்றி என்ன தெரியும்.

ஒன்று சொல்லவேணும். அந்த ஐந்து அழைப்பைப் பற்றி மாமா என்னிடம் கேட்டதில்லை. அவருக்குத் தெரியும்; அம்மா சொல்லியிருக்கிறா. ஒன்றியத்தில் எல்லாருக்கும் தெரியும், அங்கே தெரியாமல் ஒன்றும் கிடையாது. ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாய்ச் சண்டை பிடித்திருப்பேன், ஒரு வருஷமாக மறுமொழி ஆயத்தமாக வைத்திருக்கிறேன். கேட்கிறார்களே இல்லை. என்ன மாதிரி மனுசர்.

இந்த முறையோ? எல்லாம் முடிந்தது. ஆஸ்பத்திரி போன் எடுக்கும்வரை பார்க்கவில்லை, திங்கட்கிழமை நானே இங்கே போன் எடுத்து அப்பாவின் முறையை மாற்றிவிட்டேன். நாளைக்கு முழுக்க மாமாவும் இன்னும் மூன்று பேரும் எங்கட வீட்டில்தான் நிற்கப்போகினம். ஏணியோடு. இன்றைக்கு அப்பாவுக்குச் செய்தாச்சு, நாளைக்கு என்னத்துக்கு என்று கேட்டேன். அப்பாவுக்கு மட்டும் இல்லையாம். இப்ப குழுவில் ஒரு பட்டியல் இருக்கு: தெரு தெருவாக, ஆருக்கு மூச்சு வருத்தம், ஆர் தனிய, ஆர் பிள்ளை வயிற்றோடு, எந்த வாசல் ஒடுக்கம். எங்கட வீடு நடுவில் இருக்குதாம், அதனால் அதுதான் நிலையமாம். என்னைக் கேட்டார்களோ? இல்லை. நாலு போர்வை வாங்க வேண்டி வந்தது. குறட்டை வேறு. உபசெயலாளர் நாலு கோப்பை சோறு சாப்பிடுவார். பட்டியலை நான்தான் எழுதுகிறேன், அவை எழுதினால் வீட்டு இலக்கத்தை விட்டுவிட்டுப் பட்டப்பெயரைத்தான் எழுதுவினம்.

நீங்கள் எங்கே இருக்கிறீங்கள்? எந்தத் தெரு? அது கிட்டத்தான், நடந்தால் பதினைந்து நிமிஷம். ஸ்நோவில் முக்கால் மணித்தியாலம் வையுங்கோ. ஊர் வேறு என்றால் என்ன, அவை அதெல்லாம் பார்க்க மாட்டினம். வந்தால் கொஞ்சம் சத்தம் போடுவினம், அரோகரா எல்லாம் சொல்லுவினம், அதை நீங்கள் பொறுக்கத்தான் வேணும். பேனை வைத்திருக்கிறீங்களோ? இல்லை, விடுங்கோ, என்னட்டை இருக்கு.

வாசலில் எத்தனை படி? கைபிடி இருக்கோ?

அம்மா எத்தனை கிலோ?